எடை குறையாத தம்பி

என் தம்பி யாரையும் நம்ப மாட்டான். பிறவிக் குணமில்லை, வேலை கொடுத்த குணம். முப்பத்தோரு வருஷம் லாரி எடை மேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதியவன். தார்ப்பாய்க்கு அடியில் கல்லை ஒளிப்பவன், மணலில் தண்ணீரை ஊற்றி வருபவன், கிளீனரைச் சரக்குக்குள் படுக்கவைப்பவன் என்று எல்லாரையும் பிடித்தவன். டயர் பிதுங்குவதைப் பார்த்தே, "இறங்கி வாய்யா, உள்ள என்ன இருக்கு?" என்பான். பெண்டாட்டி போன பிறகு என் வீட்டோடு வந்துவிட்டான். நான் போடும் காப்பியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான்.

அவன் கழுத்தில் எழும்பிய கட்டியைப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை. அதில் முக்கியமான மருந்துக்குச் சைக்ளோபாஸ்பமைடு என்று பெயர். எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தம்பி அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அது என்ன வகையோ, ஆல்கைலேட்டிங் என்று நர்ஸ் சொன்னதையும் சீட்டில் குறித்துக்கொண்டான்.

ஒவ்வொரு தடவையும் முதலில் எடை பார்ப்பார்கள். முதல் தடவை அறுபத்திரண்டு கிலோ. இரண்டாம் தடவை ஐம்பத்தெட்டு. அன்றைக்கு மருந்துப் பையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு நர்ஸைப் பிடித்துக்கொண்டான்.

"போன தடவையை விடக் கம்மியா இருக்கே, சிஸ்டர். மிச்சம் எங்க போச்சு?"

"நீங்க இளைச்சிருக்கீங்க ஐயா. உடம்புக்குத் தகுந்தபடிதான் மருந்து."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "நான் இளைச்சா நோயும் இளைச்சிடுமாக்கா? அது அதே அளவுலதானே உக்காந்திருக்கு? எங்கயோ என்னமோ நடக்குது."

எனக்கும் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. மருந்து கலக்கும் அறையின் கதவு எப்போதும் சாத்தியே கிடந்தது. உள்ளே போகிறவர்கள் முகத்தை மூடி, இரண்டிரண்டு கையுறை போட்டுக்கொண்டு போனார்கள். தாங்களே தொடப் பயப்படுவதை இவன் ரத்தத்தில் ஏற்றுகிறார்களே என்று நினைத்தேன்.

மூன்றாம் தடவை எடை மறுபடி அறுபத்திரண்டு. நர்ஸுக்குச் சந்தோஷம். "நல்லா சாப்பிடுறீங்க போல" என்றாள். சாப்பாடு போடுபவள் நான். தட்டில் பாதி மிஞ்சுவது எனக்குத்தானே தெரியும். கால்சட்டையை ஊக்கு குத்திக் கட்டியிருக்கிறான், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, எடை மட்டும் எப்படி ஏறும்? அந்த மிஷின்தான் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் கொதித்தது. வாயெல்லாம் புண். வெள்ளை அணு அடியோடு இறங்கிவிட்டது என்று ஒரு வாரம் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா அவனுடைய காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவு சரியாத்தானே இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மருந்துக்குப் போட்டுப்போய்க் கட்டிலுக்கடியில் சுருட்டிப் போட்டிருந்த பனியனைத் துவைக்க எடுத்தேன். உள்பக்கம், இடுப்பைச் சுற்றி, சதுரம் சதுரமாகத் துருக்கறை. அவன் பெட்டியைத் திறந்தேன். தார்ப்பாய்த் துணியில் தைத்த பெல்ட் ஒன்று, அதன் பைகளுக்குள் இரும்புத் துண்டுகள். தூக்கவே கை வலித்தது.

"என்னடா இது?"

பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு, "மருந்தைக் குறைச்சா நான் போயிடுவேன்க்கா. நீ வாயத் திறக்காத" என்றான். அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததாக அவன் எடுத்துக்கொண்டான்.

நாலாம் தடவை. எடை மிஷினில் ஏற ஒரு காலை வைத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவன் இடுப்பு புடைத்திருந்ததைக் கவனித்திருந்தேன். சொன்னால் மருந்து குறையும், தம்பி என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அடுத்த காய்ச்சலிலிருந்து இவன் பிழைத்து வருவானா?

"சிஸ்டர், அவன் இடுப்பைத் தொட்டுப் பாரும்மா."

தம்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைத்துப்பார்க்கப் பிடிக்காது. நர்ஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். ஐம்பத்தாறு கிலோ.

டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "செல்லு ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சுதான் பெருகும் ஐயா. இந்த மருந்து செல்லுக்குள்ள இருக்கிற மரபணு இழையில போய் ஒட்டிக்கிட்டு, பிரிய விடாம பண்ணிடும். நோயோட செல்லுக்குத்தான் அடி அதிகம். ஆனா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துலயும் வேகமாப் பிரியுற செல்லு இருக்கே, அதுக்கும் அடி விழும். உங்க உடம்பு தாங்குற அளவைத் தாண்டினா நோய்க்கு முன்னாடி நீங்க சாய்ஞ்சிடுவீங்க."

"கணக்கைக் காட்டுங்க" என்றான் தம்பி.

உயரம், எடை எல்லாம் எழுதிக் காட்டினார். இவன் பேனாவை வாங்கி, தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தான். இரண்டாம் தடவையும் போட்டான். குறை எதுவும் கிடைக்கவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சல்.

பை வந்தது, போன தடவையை விடக் கம்மியாக. நர்ஸ் ஊசியோடு நின்றாள். அவன் கையை மடக்கி வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினான்.

"சொன்னது நீதான். எனக்கு ஏதாவது ஆனா உன்னைத்தான் கேப்பேன்."

"ஆனப்புறம் எப்படிடா கேப்ப?"

"கேப்பேன்."

"கேளு. நான் இங்கதான் இருப்பேன். இப்பக் கையை நீட்டு."

நீட்டினான்.