தோடு கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைத்தார்கள். வீட்டில் இருந்ததே நான்கு பேர்தான். அப்பா, அம்மா, அக்கா மூவரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று ஆட்டுக்குட்டிக்கோ மழைக்கோ தாவிவிடும். பங்குனி மாதத்தில், கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, மழையைப் பற்றி அவ்வளவு பேச என்ன இருக்கிறது? எனக்குச் சந்தேகம் அப்போதே தொடங்கிவிட்டது.

என்னிடம் மறைத்ததில் நியாயம் இல்லாமலும் இல்லை. என் வாயில் எதுவும் தங்காது. எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பை அணைப்பதற்குள் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். அது முழுக்க என் உபயம்.

மறைத்த விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருடம் அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நீட் எழுதினாள். மார்க் போதவில்லை. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அந்தப் படிப்புக்குப் போனவர்கள் கிடையாது. போக முயன்றதே அவள்தான். அதனால் ஊரே வந்து துக்கம் விசாரித்தது. எதிர் வீட்டிலிருந்து பெரியப்பாவும் வந்தார். அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். "நான் அப்பவே சொன்னேம்லா, இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுன்னு" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார். அந்த வார்த்தை அப்பாவுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

அக்கா மறுபடியும் எழுதுவதென்று முடிவாயிற்று. இந்தத் தடவை ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாது, முக்கியமாக எதிர் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றார் அப்பா. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் அக்கா பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். அவள் தினமும் காலை பஸ்ஸில் போனது கல்லூரிக்கு இல்லை, கோச்சிங் சென்டருக்கு. இது எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அக்கா போவதாகச் சொன்ன அதே கல்லூரியில் கீழத்தெரு அக்கா ஒருத்தியும் படித்தாள். ஒருநாள் அவள் என்னை நிறுத்தி, "ஒங்க அக்காவ நான் அங்கன பாத்ததே இல்லியே" என்றாள். அன்றிலிருந்து நான் அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் பையில் கல்லூரிப் புத்தகம் எதுவும் இல்லை. பழைய பிளஸ் டூ புத்தகம்தான் இருந்தது. ஒருநாள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். மறுநாள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு. அடுத்த வாரம் அம்மாவே டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கு எதற்கு இத்தனை போட்டோ, இத்தனை சான்றிதழ்?

எதற்கு என்று எனக்குத் தெரியும். முந்தின சித்திரையில்தான் எங்கள் தெருவில் ஒரு பெண் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ஒரு மாதம் தெருக்குழாயில் வேறு பேச்சே இல்லை. குடத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். ஆதார் வேண்டும், போட்டோ வேண்டும், வயசுக்குச் சான்றிதழ் வேண்டும். கிளம்புகிற அன்று உடம்பில் கிடக்கிற நகையையெல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் பெற்றவர்கள் நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் சங்கிலி, தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அறிவுள்ள பிள்ளை என்று அதை மட்டும் சிலர் பாராட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மே மாதம். அப்பா முந்தின நாளே மிளகாய் வத்தலைக் கடையில் போட்டு விற்று வருவதாகச் சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய்விட்டார். அப்பாவும் மகளும் சேர்ந்து பஸ் ஏறினால் எதிர் வீடு கேள்வி கேட்கும், தனித்தனியாகப் போய்க் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு மதுரைக்குப் போவது என்பது திட்டம். திட்டம் போட்டவர்கள் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் பாயில் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு கிடந்தேன். அக்கா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் தோட்டைக் கழற்றினாள். இறுகிப்போயிருந்த மூக்குத்தியைச் சோப்பு போட்டு உருவினாள். சங்கிலி, கொலுசு, வளையல் எல்லாம் இறங்கின. கையில் கட்டியிருந்த சாமி கயிற்றைக்கூடக் கத்தரியால் வெட்டினாள். எல்லாவற்றையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடைக்கப் பார்த்து, தோடும் மூக்குத்தியும் மட்டும் அடங்க, மற்றதைத் துணியில் முடிந்து, இரண்டையும் உளுந்து டப்பாவுக்குள் புதைத்தாள். அக்கா செல்போனை அணைத்து அம்மாவிடமே கொடுத்தாள். பழைய வெளுத்த சுடிதார், ரப்பர் செருப்பு, தலையில் பூ இல்லை.

நான் எழுந்து உட்கார்ந்து எங்கே போகிறாள் என்று கேட்டேன். கூடப் படித்த பிள்ளைக்குக் கழுகுமலையில் கல்யாணம் என்றாள் அம்மா. காதில் பொட்டுத் தங்கம் இல்லாமல் யார் கல்யாண வீட்டுக்குப் போவார்கள்? பஸ் ஏற்றிவிட்டு வந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டாள். அம்மாவும் உடந்தை என்பது எனக்கு உறுதியாயிற்று. அப்பாவோ ஊரில் இல்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

தீப்பெட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஓடிப்போகிறாள் என்று சொல்லித் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"யாரு கூடட்டி?" என்றார்.

அந்தப் பக்கம் நான் துப்பறியவில்லை. தெரியாது, ஆனால் பஸ்ஸில்தான் போகிறாள் என்றேன். அவர் சட்டையைக்கூட முழுசாகப் பொத்தான் போடாமல் என்னைப் பெட்ரோல் டாங்கின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கோவில்பட்டி போகிற வழியில், எட்டயபுரத்தில் பஸ் நின்றிருந்தது. பெரியப்பா உள்ளே ஏறி அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். அதோடு விடவில்லை. மறுபடியும் ஏறி, அவளுக்குப் பின் சீட்டில் தாடியோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் சட்டையைப் பிடித்தார். "அண்ணாச்சி, நான் மில்லுக்கு ஷிப்டுக்குப் போறேன்" என்று அவன் அழாக்குறையாகச் சொன்ன பிறகுதான் விட்டார். பஸ் அக்காவை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அக்கா பரீட்சைக்குப் போவதாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம எவம்ட்டி பரிட்ச வைக்கான்? காதுல கெடந்த தோடு எங்க?"

"தோடெல்லாம் போடக் கூடாது பெரியப்பா."

"எவன் சொன்னான்?"

"கவர்மெண்டு" என்றாள் அக்கா.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். பெரியப்பா அதை வாங்கிப் பார்த்தார். முழுக்க ஆங்கிலம். போட்டோ ஒட்டி, பெருவிரல் ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டிருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் காகிதம் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார். உங்கள் அப்பனுக்குத் தெரியுமா என்று கேட்டார். அப்பாதான் கோவில்பட்டியில் காத்திருக்கிறார் என்றாள். சரி, அதையும் கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தார்.

பெரியப்பாவுக்கு ஒரு காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் அப்பா சொன்னதை எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் கேட்டார்கள். எங்கே நிற்கிறாய், மூத்தவள் எங்கே என்று பெரியப்பா கேட்டார். அண்ணன் எதையோ மோப்பம் பிடித்துவிட்டார் என்று அப்பாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். குரலை இயல்பாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"வத்தல் கடையிலதாண்ணே நிக்கேன். மூத்தவளா? தலைவலின்னு வீட்லதான் படுத்துக் கெடக்கா."

என் கணக்குப்படி அது மூன்றாவது கதை. அம்மாவுக்குக் கல்யாண வீடு, அக்காவுக்குப் பரீட்சை, அப்பாவுக்குத் தலைவலி. பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஹால் டிக்கெட்டை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பைக்கை ஊர்ப் பக்கம் திருப்பினார். அப்போதுதான் அக்கா, ஜென்மத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள், அவர் இன்னும் அணைக்காத போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்.

"யப்பா! நான் எட்டயபுரத்துல நிக்கேன். பெரியப்பா பஸ்ஸ விட்டு எறக்கிட்டாவ. ஹால் டிக்கெட்டையும் வாங்கி வச்சிக்கிட்டாவ. ஒண்ணரைக்குக் கேட்ட அடைச்சிருவாங்கப்பா!"

அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "அண்ணே, பரிட்சதான்" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

பெரியப்பா போனை வாங்கி, "எங்கிட்ட ஏம்ல சொல்லல?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹால் டிக்கெட்டை எடுத்து, சட்டை வேர்வையில் நனைந்த ஓரத்தை வேட்டியில் ஒற்றி அக்காவிடம் கொடுத்தார். "ஏறு" என்றார்.

மூன்று பேரும் கோவில்பட்டிக்குப் போன வேகத்தில் நான் ஹேண்டில்பாரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. அக்கா வழி முழுக்க எனக்குப் பின்னால் யாரிடமோ பேசுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பயத்தில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சூத்திரங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அக்காவின் முழங்கையில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. மதுரை பஸ்ஸின் படியில் அக்காவை ஏற்றிவிட்டு, தானும் ஒரு காலை வைத்தவர் திரும்பி, பிள்ளை கிளம்பியதை யார் சொன்னது என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்றேன். என் முறை வந்துவிட்டது.

"யாரு சொல்லணும்? எதுத்த வீடு. நான்தான் பாத்தேன்" என்றார் பெரியப்பா.

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பஸ் கிளம்பிவிட்டது.

மதுரையில் கேட்டை இழுத்துச் சாத்தும்போது அக்கா ஓடிப்போய் உள்ளே நுழைந்துவிட்டாள். பரீட்சை எழுதினாள். ரிசல்ட் வந்தபோது மார்க் கூடியிருந்தது, ஆனால் சீட்டுக்குப் போதவில்லை. இன்னொரு வருடம் காத்திருக்க வீட்டில் தெம்பில்லை. நர்சிங் படித்தாள். இப்போது தூத்துக்குடியில் வேலை பார்க்கிறாள். "அன்னைக்கு மட்டும் உன்ன மறிக்காம இருந்திருந்தா" என்று நான் ஒருமுறை ஆரம்பித்தேன். "போ ட்டி, அந்த பிசிக்ஸு எனக்கு எந்த வருசமும் வந்ததில்ல" என்று சிரித்தாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கள் வீட்டில் தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. ராத்திரி பகலாக நம் வாசலில் கண்ணை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், இல்லாவிட்டால் பிள்ளை பஸ் ஏறியது அவருக்கு எப்படித் தெரியும், பரீட்சை என்று தெரிந்தே மறித்திருக்கிறார் என்றார் அப்பா. "இந்தப் பச்சப் பிள்ளையையும்லா இழுத்துக்கிட்டுப் போயிருக்காரு" என்று அம்மா என்னை அணைத்துக்கொண்டாள். தீப்பெட்டியை அதற்குள் நான் உளுந்துக்குள் புதைத்துவிட்டிருந்தேன். வாயில் எதுவும் தங்காத எனக்கு இந்த ஒன்று மட்டும் எப்படித் தங்கியதோ தெரியவில்லை. பயம்தான். வேறு பெரிய காரணம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அக்கா கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அன்று கோவில்பட்டியிலிருந்து திரும்பும்போது அவர் எனக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் பிரிக்கவே இல்லை. எனக்கு அப்படியொரு கோபம். போட்டோவைக் கண்டுபிடித்தது நான், நகையைக் கண்டுபிடித்தது நான், ஓடிவந்து சொன்னது நான். நாலு பேர் முன்னால் "நான்தான் பாத்தேன்" என்று எல்லாவற்றையும் இவர் எடுத்துக்கொண்டாரே, பெரிய மனுஷர் செய்கிற காரியமா இது என்று பொருமிக்கொண்டு வந்தேன். ஊர் எல்லை வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "ஏட்டி, நீ எங்கிட்ட வந்தத வீட்ல யார்ட்டயும் சொல்லிராத" என்றார். பெருமையைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பதில் மிச்சம் இருந்த சந்தேகமும் எனக்குத் தீர்ந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. இறக்கிவிட்டபோது அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எங்கள் வீட்டில் அவரோடு பேசுவதை முதலில் நிறுத்தியது நான்தான்.