கதவு அக்கா போடாத ஒப்புதல்

எங்கள் அலுவலகத்துக் கீபோர்டுகளைத் தொட்டால் கை ஒட்டும். பத்துப் பேர் தின்ற கையோடு தட்டித் தட்டி ஏற்றிய பிசுக்கு அது. அந்த இடத்தில், காலையில் வந்ததும் ஈரத்துணியால் தன் மேஜையைத் துடைத்துவிட்டு உட்காரும் ஒரே ஆள் கதவு அக்காதான். கையோடு என் மேஜையையும் துடைத்துவிடுவார். "உங்களுக்காக இல்ல, உங்க பக்கத்துல உக்காந்து தொலைக்கிற எனக்காக" என்பார்.

நாங்கள் எழுதும் மென்பொருளை மக்கள் கைக்குப் போகும் முன் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளே நுழைவார், வெளியே வருவார், அப்புறம் கடவுச்சொல் போடாமல் மறுபடி நுழைய முடிகிறதா என்று பார்ப்பார். "கதவு ஒழுங்கா சாத்துதான்னு பாத்துட்டு வீட்டைச் சுத்திப் பாக்கலாம்" என்று அவர் ஒருமுறை சொல்லப்போய், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரைவிட நாலு வயது மூத்த மேனேஜர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மேனேஜருக்கு 'அவர்' போட எனக்குக் கை வரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஒன்பது வருடம் ஒரு மின்சாமான் கடையில் புகார் கவுண்டரில் இருந்தார். திருப்பிக் கொண்டுவந்த மின்விசிறியையும் இஸ்திரிப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர்களின் திட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். எந்தப் பொருள் எங்கே காலை வாரும் என்பதில் அவருக்கு முன்கூட்டியே மூக்கு வியர்த்துவிடும். பிழை அறிக்கையைக்கூடக் கடிதம் மாதிரித்தான் எழுதுவார். 'வெளியேறு என்ற பொத்தானை அழுத்தினேன். நன்றி, மீண்டும் வருக என்று வந்தது. ஆனால் நான் வெளியேறவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.'

இந்தக் கடைசிக் கடிதம்தான் எங்கள் எல்லாருடைய யோக்கியதையையும் வெளியே கொண்டுவந்தது.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போய்ப் பரிசோதிக்கும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரின் விலாசம், ரத்தம் எடுக்க வரும் நேரம், பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு ஜனங்கள் அல்லாடுகிறார்கள் என்று, வெளியிலிருக்கும் மின்னஞ்சல் கணக்கைக் கொண்டே நுழையும் வசதியை என்னைப் போடச் சொன்னார்கள். விஷயம் இவ்வளவுதான்: 'இவர் எங்கள் ஆள்தான்' என்று மின்னஞ்சல்காரர்கள் சொல்வார்கள். அதை நம்பி நாங்கள் அந்த போனுக்கு ஒரு சீட்டு கொடுப்போம். அதற்கப்புறம் நாங்கள் யாரையும் எதுவும் கேட்கமாட்டோம், சீட்டு இருந்தால் கதவு திறக்கும். வெளியேறு என்று அழுத்தினால் அந்தச் சீட்டு செல்லாமல் போக வேண்டும். அதற்கு இரண்டு வரி. நான் எழுதித்தான் இருந்தேன்.

மேனேஜர் அந்த இரண்டு வரியை முடக்கச் சொன்னான். ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் பெரியவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக நுழைவது எரிச்சலாக இருந்ததாம்.

"வெளிய போனவன் திரும்பி வர சிரமப்படக் கூடாதுப்பா. சீட்டு ஒரு வருஷம் கெடக்கட்டும். வெளியேறுன்னு அழுத்தினா முன்பக்கத்தைக் காட்டு, போதும். யாரு நோண்டிப் பாக்கப்போறா?"

நான் முடக்கினேன். சரி சார் என்று சொல்லித்தான் முடக்கினேன். சில ஆயிரம் பேருக்கு மட்டும் சோதனை ஓட்டமாக அது வெளியே போனது.

அந்தச் சில ஆயிரத்தில் அக்காவின் தங்கையும் ஒருத்தி. அவளுக்குச் சர்க்கரை, மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். அவள் புருஷன் கை நீட்டுகிறவன் என்றுதான் முதலில் அக்கா சொல்லி வைத்திருந்தார். பிறகுதான், போன வருடம் அவள் மணிக்கட்டை முறித்தவன் என்று தெரிந்தது. ஒருநாள் அவன் வேலைக்குப் போன பிறகு தங்கை ஒரு பையோடு கிளம்பி, ஊரின் மறுகோடியில் தையல்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். இடம் அக்காவுக்குத் தெரியும். என்னிடம் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார், வேறு யாருக்கும் தெரியாது. அவள் அதுவரை ரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்தது புருஷனின் போனில். கிளம்புவதற்கு முதல் நாள் இரவே அதில் வெளியேறு என்று ஞாபகமாக அழுத்திவிட்டுத்தான் போனாள்.

அக்கா அந்தக் கடிதத்தை எழுதியது அதற்கு அடுத்த வாரம். மேனேஜர் அந்தப் புகாரை 'சரிசெய்யத் தேவையில்லை' என்று மூடினான். அக்கா திறந்தார். அவன் மூடினான். ஏழு தடவை. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் விடும் நாள் வந்தது. சோதனை ஓட்டத்துக்கு வேண்டாம், ஆனால் எல்லாருக்கும் விட வேண்டுமென்றால் சோதித்தவர் ஒப்புதல் பக்கத்தில் தன் பெயரில் அழுத்த வேண்டும். அது எங்கள் அலுவலகத்து வழக்கம். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரில்தான் அழுத்துவோம். அதற்கும் நான் எழுதிய அதே நுழைவு முறைதான்.

அக்கா மேனேஜரின் எதிரிலேயே சொன்னார். "ரெண்டு வரியத் திரும்பப் போடுங்க. வெளிய கிடக்கற பழைய சீட்டையெல்லாம் ரத்து பண்ணுங்க. அப்புறம் ஒப்புதல் போடறேன். என் தங்கச்சி மாதிரி எத்தனை பேர் இருக்காங்களோ."

"உங்க குடும்பப் பிரச்சனையை ஆபீசுக்குக் கொண்டுவராதீங்கக்கா."

அக்கா பொதுக் கம்ப்யூட்டரில் வெளியேறு என்று அழுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போனார்.

மேனேஜர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் பாதி தின்ற கேக். விரலில் ஒட்டிய கிரீமை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, அந்த எச்சில் விரலால் ஒப்புதல் பக்கத்தின் முகவரியைத் தட்டினான். பக்கம் திறந்தது. மேலே அக்காவின் பெயர். சீட்டு செத்திருந்தால்தானே!

"பாத்தியா, எவ்வளவு வசதி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அழுத்தினான். நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதையும் பார்க்காத மாதிரி இருப்பதற்கு இத்தனை வருடத்தில் நல்ல பழக்கம் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா தன் பெயரில் ஒப்புதல் இருப்பதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "இதை நான் போடலியே. நான் போனப்புறம் நீங்க இருந்தீங்கள்ல?"

"நானும் அப்பவே கிளம்பிட்டேன்கா."

இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அக்கா திரும்பிப் போய்த் தங்கைக்கு போன் செய்து, அந்தத் தளத்தின் பக்கம் போகவே போகாதே என்று சொன்னார். தங்கையும் போகவில்லை. சமர்த்தாகத் தொலைபேசியில் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வரச் சொன்னாள். அந்த நிறுவனத்தில் பதிவு செய்யும் பெண் உதவுகிற சுபாவக்காரி. பழைய கணக்கைத் தேடி எடுத்து, புது விலாசத்தை அதிலேயே பதிந்து வைத்துவிட்டாள்.

அதற்குப் பதினோராம் நாள் காலையில் அவள் புருஷன் தையல்கடை மாடி ஏறினான். கதவைத் தட்டியது ரத்தம் எடுக்க வந்த ஆள் என்று நினைத்துத் தங்கை திறந்துவிட்டாள். போனை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இதுலயே போட்டிருக்குடி உன் விலாசம்" என்றானாம். கூச்சல் கேட்டுக் கீழேயிருந்து தையல்காரரும் அவர் ஆட்களும் ஓடிவருவதற்குள் அவள் உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிப்போயிருந்தது. அவர்கள்தான் அவனைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். இரண்டாம் நாளே வெளியே வந்துவிட்டான்.

அக்கா மேனேஜரின் அறைக்குள் போய் நின்றபோது நானும் அங்கே இருந்தேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒப்புதல் உங்க பேர்ல இருக்கேக்கா."

அவன் முகத்தில் வருத்தத்தின் சுவடுகூட இல்லை. காதைக் குடைந்துகொண்டே சொன்னான். அந்தக் குடையும் விரலைப் பார்த்தபோதுதான் எனக்கு அடங்காமல் போனது.

"அழுத்தினது நீங்க சார். நான் பாத்தேன்."

"ஓ. அந்த ரெண்டு வரிய முடக்கினது யாருப்பா?"

"நான்தான்."

"அப்ப ரெண்டு பேரும் பொத்திக்கிட்டுப் போய் வேலையப் பாருங்க."

நான் யாரையும் கேட்காமல் இரண்டு வரியையும் திரும்பப் போட்டு, வெளியே கிடந்த அத்தனை சீட்டையும் ரத்து செய்தேன். நாலு நிமிடம் ஆனது. நாலே நிமிடம். எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அக்கா அந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டார். போகும்போது அவரிடம் திட்டோ கண்ணீரோ எதுவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு வீடு மாத்தறோம். சாமான் தூக்க ஆள் போதல. வர்றீங்களா?" என்றார். போனேன்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஆறு அட்டைப்பெட்டி. மாடிப்படி குறுகல். தங்கை வீங்கிய உதட்டோடு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா ஆபீசா நீங்க? லீவு நாள்ல வந்து கஷ்டப்படறீங்களே அண்ணா" என்றாள்.

அக்கா ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டியபடி என்னைப் பார்த்தார். சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

நான் சொன்னேன். முடக்கியது, வேடிக்கை பார்த்தது, அக்காவிடம் பொய் சொன்னது, எல்லாம். முடித்ததும் அவள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இதை நானே தூக்கிக்கறேன்" என்றாள். கீழே வண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க போயிடுங்கண்ணா. நாங்க எந்தப் பக்கம் போறோம்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அக்கா அடுத்த பெட்டியைக் கையில் எடுத்தார். நான் படியிறங்கி, வண்டி நின்ற திசைக்கு எதிர்த்திசையில் நடந்தேன்.