இடுப்பு வைத்த உருளைக்கிழங்கு

போன வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எங்கள் வீட்டு வாசலில் ஏறவில்லை. அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. ஏற்றி வைக்கிற மனிதர் கட்டிலில் கிடந்தார். திண்டிவனம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தேவராஜின் மனைவி சௌந்தரி நான். கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததை சபையில் நின்று சொல்லச் சொன்னார்கள். இரண்டு தடவை முயற்சி செய்தேன். பாதியிலேயே சிரிப்பு வந்து நானே கெடுத்துவிட்டேன். அதனால் நம் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தொண்டைதான் மூலதனம். காலையில் கடையில் நின்று அவர் தக்காளி என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொரு குணமும் உண்டு. காய்க்கு யாரும் பேர் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. பீர்க்கங்காயைத் தொட்டு "இந்தப் புடலங்காய் என்ன விலை?" என்று கேட்டுவிட்டால் போச்சு. விலையைச் சொல்ல மாட்டார். "அது பீர்க்கங்காயம்மா. பேர சரியா சொல்லு, வெலைய அப்புறம் சொல்றேன்" என்பார். வெளியூர்க்காரர் ஒருவர் மல்லாட்டைக் குவியலைக் காட்டி வேர்க்கடலை என்று சொன்னார். அது தப்பே இல்லை. அதற்கும், "எங்க ஊர்ல இதுக்குப் பேரு மல்லாட்ட சார்" என்று திருத்தித்தான் அனுப்பினார். வியாபாரம் கெடுகிறதே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் அவர் சத்தம்தான்.

டிசம்பர் மாதம் ஒரு காலை, கடையில் வெண்டைக்காய்க் கூடையை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணிவிட்டது. ஆம்புலன்ஸில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக் கூப்புடுங்க, ஒரு தடவ கூப்புடுங்க" என்று கெஞ்சினேன். கண் மட்டும் என்னைப் பார்த்தது. சத்தம் வரவில்லை.

நல்ல டாக்டர்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னார்கள். காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சை மட்டும் அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரலாம், வராமலும் போகலாம், நீங்கள் விடாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்றார்கள். நான் பேசுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசினேன். ஆனால் பதில் வராத இடத்தில் எவ்வளவுதான் பேசுவது? வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்காது பாருங்கள்.

என் ஜெபம் அப்போது மிகவும் சின்னது. "ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும். அது என் பேராக இருந்தால் ரொம்ப சந்தோஷம். இல்லாவிட்டால் 'ஸ்தோத்திரம்' என்று வரட்டும்." பாருங்கள், ஆண்டவருக்கே இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுத்து, இதில் ஒன்று என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வளவனூரிலிருந்து வந்த விஜயா என்ற பெண்ணின் மாமனார் இருந்தார். கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிற குடும்பம். விஜயா எந்நேரமும் கையில் ஒரு கொக்கி ஊசியும் உல்லன் நூலுமாக இருப்பாள். பொம்மை பின்னுவாள். அவள் பின்னின மஞ்சள் பூசணிக்காயை அந்தப் பெரியவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்குவார். நான் குழாயடியில் அழுதுவிட்டு வந்த ஒருநாள் என் மடியில் ஒரு ஊசியைப் போட்டாள்.

"அக்கா, கைய சும்மா வச்சிக்கினு இருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும். நீங்களும் அண்ணனுக்கு ஒண்ணு பின்னுங்க."

"எனக்குப் பொத்தான் தைக்கவே வராதும்மா."

"உருளக்கெழங்கு பின்னுங்க. அது கோணலா வந்தாலும் உருளக்கெழங்குதான். அதுல தப்பே பண்ண முடியாது."

தப்பே பண்ண முடியாது என்று சொன்னாளே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னுவது இதுதான். ஊசிமுனையில் நூலை மாட்டி ஒரு கண்ணி எடுத்து, அதற்குள் இன்னொரு கண்ணி. வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். அகலம் வேண்டுமானால் ஒரே கண்ணியில் இரண்டு போட வேண்டும். ஒடுக்க வேண்டுமானால் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். கடைசியில் பஞ்சை அடைத்து வாயை மூடிவிட்டால் முடிந்தது. சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் முதல் முயற்சியைப் பார்த்துவிட்டு, "இது விளக்குத் திரியாக்கா?" என்று கேட்டாள் விஜயா.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரி போய் பிப்ரவரியும் வந்தது. வலது கை விரல்கள் மூடவில்லை. மெத்தென்று ஏதாவது பிடித்துப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். இடது கையால் அதை எடுத்து மூலைக்கு வீசிவிட்டார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஊரையே கூப்பிட்டு விற்ற மனிதர், தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட முடியாமல் கிடக்கிறார். அவர் மனசு விட்டுப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

பந்து வேண்டாம், காய் என்றால் பிடிப்பார் என்று தோன்றியது. காலமெல்லாம் காய் பிடித்த கை அல்லவா? கடையில் சந்தனக் கலர் உல்லன் வாங்கி வந்து பின்ன உட்கார்ந்தேன். ஒவ்வொரு கண்ணிக்கும் "இயேசப்பா, ஒரு வார்த்தை" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். இந்தத் தடவை ஆச்சரியமாக நன்றாகவே வந்தது. குண்டாக, உருண்டையாக. இனி ஒடுக்கி முடித்துவிடலாம் என்று ஒடுக்க ஆரம்பித்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். பாஸ்டர் ஐயாவும் ஜெபக் குழுவும்.

நம் பாஸ்டர் ஐயாவின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆரம்பித்து, தெருவுக்குப் போய், பெருமுக்கல் கிராம ஊழியத்தைத் தொட்டு, தேசத்துத் தலைவர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப எங்கள் வீட்டுக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் கை நிற்கவில்லை. ஜெபத்தில் கண்ணை மூட வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டைச் சேர்த்து ஒன்று, இரண்டைச் சேர்த்து ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். ஐயா தேசத்துத் தலைவர்களிடம் இருந்தபோது, ஆண்டவரே சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்ததும் உண்மை.

ஆமென் சொல்லிக் கண் திறந்தால், என் உருளைக்கிழங்குக்கு இடுப்பு விழுந்திருந்தது! விரல் தடிமனுக்கு ஒடுங்கிவிட்டது. பிரிக்க மனசில்லை. இது அத்தனையும் ஜெபத்தில் போட்ட கண்ணி. அவர்கள் போனதும் மறுபடி அகலப்படுத்திப் பார்த்தேன். கீழே ஒரு குண்டு, நடுவில் இடுப்பு, மேலே இன்னொரு குண்டு. சரி, வளரும்போது கல்லில் மாட்டிக்கொண்ட கிழங்கு என்று வைத்துக்கொள்வோம் என்று பஞ்சை அடைத்து மூடினேன். அவருடைய பழைய சட்டையிலிருந்து இரண்டு பொத்தானை எடுத்துக் கண் வைத்தேன். கறுப்பு நூலில் ஒரு சிரிப்பும் தைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு அவர் வலது கையில் வைத்தேன்.

"ஏங்க, உங்களுக்காகப் பின்னியிருக்கேன். உருளக்கெழங்கு."

பார்த்தார். புருவம் சுருங்கியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"உருளக்கெழங்குங்க. நல்லா பாருங்க."

மறுபடியும் தலையாட்டல். முகம் சிவந்தது. வாய் கோணிக்கொண்டு "ம... ம..." என்றது.

"மாத்திரையா? இப்பதான குடுத்தேன்?"

இல்லையாம். கோபம் கோபமாக வருகிறது அவருக்கு.

"மருந்தா? மாமா ஊட்டுக்குப் போன் போடணுமா?"

கட்டிலை இடது கையால் ஒரு குத்துக் குத்தினார்.

"மல்லாட்ட!"

எனக்கு வந்ததே ஆத்திரம். "மல்லாட்டையா? ராப்பகலா குந்திக்கினு பின்னியிருக்கேன், மல்லாட்டைன்றீங்க? கண்ணு தெரில? உருளக்கெழங்குதான் இது!"

"இல்ல. மல்லாட்ட!"

"உருளக்கெழங்கு!"

"மல்லாட்ட!"

மறுபடியும் வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் என் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, திருட்டுத்தனமாகச் சோதித்துப் பார்ப்பது போல இன்னொரு தடவை சொன்னார். "மல்லாட்ட." வலது கை விரல்கள் அந்த இடுப்பைச் சுற்றி லேசாக மூடியிருந்தன. அதை நான் அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன். "ஐயா, அவரு பேசிட்டாரு!"

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! இன்னா சொன்னாரு சிஸ்டர்?"

"மல்லாட்டைன்னு சொன்னாருங்க ஐயா."

"மல்லாட்டையா?" என்று திருப்பிக் கேட்டார் ஐயா. அப்புறம் "அல்லேலூயா" என்றார், கொஞ்சம் யோசித்துத்தான். இடுப்பு எப்படி வந்தது என்றும் சொன்னேன். அவர் ஜெபம் சீக்கிரம் முடிந்திருந்தால் அது ஒழுங்கான உருளைக்கிழங்காகியிருக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார். பேர் சரியாகச் சொன்ன காய்க்கு அவர் என்றைக்கு வாய் திறந்திருக்கிறார்? தப்புதான் அவரைப் பேச வைக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சொன்னதிலிருந்து பாஸ்டர் ஐயாவின் ஜெபம் இன்னும் நீண்டுவிட்டது. அதற்கு நான்தான் காரணம், சபையார் மன்னிக்கவும்.

விஜயாவுக்கும் சொன்னேன். "நானும் எங்க அம்மனாண்ட வேண்டிக்கினுதாங்க்கா இருந்தேன்" என்று அழுதாள். "உருளக்கெழங்கையே தப்பா பின்ன முடியும்னு நீங்கதாங்க்கா காட்டினீங்க" என்று உடனே சிரிக்கவும் செய்தாள். அவள் கொடுத்த ஊசிதான் அது. அவளை நினைக்காமல் நான் ஜெபத்தை முடிப்பதில்லை.

அப்புறம் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் காய்கள்தான். சோறு வேண்டும் என்றால் "அவரக்கா" என்பார். விசிறி வேண்டும் என்றால் "முருங்கக்கா". நானும் பழகிக்கொண்டேன். என் பேர் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு மேல் கிடைத்துவிட்டது, இன்னும் கேட்பது பேராசை என்று வாயை மூடிக்கொண்டேன். மனசு மூடவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் தம்பிதான் இப்போது வியாபாரம் பார்க்கிறார். இவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். கூடை கூடையாகத் தொட்டுப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். கத்திரிக்கா, வெண்டக்கா, சொரக்கா, பச்ச மொளகா, இஞ்சி... நான் இஞ்சிக் கூடைக்குப் பக்கத்தில் டீ பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"சௌந்தரி."

அடுத்த மூச்சில் "கொத்தமல்லி" என்று போய்விட்டார். இஞ்சிக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் கிடைத்தது என் பேர். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வாங்க வந்தவர்கள் விலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது நான் ஓய்ந்த நேரமெல்லாம் பின்னுகிறேன். கத்திரிக்காய், கேரட், பூசணி என்று பின்னி முண்டியம்பாக்கம் வார்டுக்குக் கொண்டுபோய், பேச்சு வராமல் படுத்திருப்பவர்கள் கையில் வைக்கிறேன். குழாயடியில் யாராவது அழுதால் ஊசியை மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். பழைய சௌந்தரிக்கு அடுத்த கட்டிலில் யார் என்றே தெரியாது.

இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு அமைதி இருந்தால், மனசைத் தளர விடாதீர்கள். கேளுங்கள். என்னைப் போல வார்த்தையை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பதில் மல்லாட்டையாக வந்தாலும் அது பதில்தான். வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அவித்த மல்லாட்டையைக் கூடையில் எல்லோருக்கும் கொடுத்தோம். பாஸ்டர் ஐயா, "பிரதர், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். இவர் கோலை ஊன்றி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பொம்மையை வலது கையாலேயே எடுத்து உயரே காட்டினார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் முதற்கொண்டு சொல்லக் காத்திருந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"உருளக்கெழங்கு" என்றார்.

சபை முழுக்க "மல்லாட்ட! மல்லாட்ட!" என்று கத்தியது. அவர் அசையவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். "எங்க சௌந்தரி பின்னுச்சி. உருளக்கெழங்கு."

அத்தனை வருட வியாபாரத்தில் ஒரு காய்க்கு அவர் தப்பான பேர் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். ஆண்டவரே, இதை நான் கேட்கவே இல்லை. இதையும் கொடுத்தீர்.