கயிறு பிடிக்கிற ஆள்

மறிச்சுக்கட்டித் தேநீர்க் கடை வாசலில் மன்னார் பஸ்ஸுக்காக நிற்கிறேன். உட்கார மனம் வரவில்லை. மூன்று முறை ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டேன். காற்று செம்மண்ணை அள்ளிக் கண்ணில் போடுகிறது.

கடை பெஞ்சில் இருப்பவர் தோளில் கயிற்றுச் சுருள். காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று என்னைக் கேட்கிறார்.

"இந்தியா, அண்ணே. நீலகிரி மலைப்பக்கம். அங்கயும் தேன் எடுக்கிறவங்க இருக்காங்க. குறும்பர்."

"காட்டுக்குள்ளயோ இருக்கினம்?"

"காட்டை ஒட்டி. செங்குத்துப் பாறையில தேனீ கூடு கட்டும். கயித்துல தொங்கித்தான் எடுப்பாங்க. மேல இருந்து கயித்தைப் பிடிக்கிறது பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவனைக்கூட நம்ப மாட்டாங்க. தன் அக்கா தங்கச்சி விதவையாக மச்சான் விட மாட்டான்ல."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார்.

"முந்தி எனக்கும் மச்சான்தான் பிடிச்சவர். இப்ப அவர் கட்டார் நாட்டில வேலைக்கு நிக்கிறார். இங்க தேன்கூடு பாலை மரத்தில, நல்ல உயரம். கயித்தை அடிமரத்தில கட்டிப்போட்டுத் தனிய ஏறுறன்."

"வீட்டுல தெரியுமா?"

பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடிக்கிறது. மனைவியின் குரல் எனக்கும் லேசாகக் கேட்கிறது.

"ஓம், ஓம். கயிறு பிடிக்க ஆள் வந்திருக்கிறார்," என்கிறார், என்னைப் பார்த்தபடி. "இந்தா, பக்கத்திலதான் நிக்கிறார்."

வளைவில் என் பஸ் வருகிறது.