நெடில் இல்லாத எழுத்து

போனில் சீட்டாடுவதைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது. சீட்டு என்றால் கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடிக்க வேண்டும். எதிரே இருப்பவள் முகத்தைப் பார்த்தே அவளிடம் ஜோக்கர் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க வேண்டும். போனில் என்ன இருக்கிறது? ஒரு செட் சேர்ந்தால் திரை முழுக்கப் பூ கொட்டும், ஒரு பொம்மை குதித்துக் கை தட்டும். பார்த்தாலே எரிச்சல் வரும். இவ்வளவு பேசுகிற நான்தான் தினமும் ஆடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடுவது நாலு பேர். திருச்சியில் ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவும் தங்கையும், இங்கே டில்லி துவாரகாவில் நானும் என் மகளும். பந்தயம் கிடையாது. ஒரு ரம்மி ஆட்டம் நாள் முழுக்க ஓடும். அவரவர் முறை வரும்போது, வேலைக்கு நடுவில் ஒரு சீட்டை எடுத்து ஒன்றைப் போட்டால் போதும். கூடவே குடும்பக் குழுவில் வம்பும் கேலியும். மகள் டில்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுக்காக எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கப் பழகிக்கொண்டோம், அம்மா உட்பட. செட் சேர்ந்துவிட்டால் sethachu என்று போடுவோம். சேத்தாச்சு. அதை வேறு மாதிரி படிக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு சீட்டு குறை. ஆட்டின் ஏழு, அந்தச் சிவப்பு இதயம் போட்ட சீட்டு, வந்தால் முடிந்தது. முறை அம்மாவுடையது. ஆட வேண்டியவர் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் ஓடும். காலையிலிருந்து அது அம்மாவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்கும்போது பார்த்தேன், வளையம். முருங்கைக்காய்க்காரனிடம், "க்யா பையா, இவ்வளவு முத்தலா?" என்று பாதி இந்தியில் சண்டை போட்டுக்கொண்டே பார்த்தேன், வளையம். அம்மாவுக்கு இது வழக்கம்தான். யோசிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். குழுவில் போடாமல் அம்மாவுக்குத் தனியாக அடித்தேன்: podu ma. illati po.

போடும்மா, இல்லாட்டி போ. இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. அவள் இன்னும் படிக்கவில்லை. அஞ்சு கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்குள் இறங்கினேன்.

சரோஜினி நகரில் கதவு திறந்தபோது குழுவில் தங்கையின் செய்தி வந்து விழுந்தது: amma sethachu.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பொறாமை. அம்மா செட் சேர்த்தாளாம், இவள் வந்து சொல்கிறாளாம். அப்படியானால் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சீட்டைக் காட்டிக் காட்டி ஆடுகிறார்கள், கள்ளிகள். இன்றைக்கு இதை விடப்போவதில்லை என்று ஆட்டத்தைத் திறந்தேன். பச்சை வளையம் அப்படியே இருந்தது. அம்மா சீட்டே எடுக்கவில்லை. கதவு மூடும் நேரத்தில் இன்னொன்று வந்தது: hospital la.

அத்தோடு சிக்னல் போய்விட்டது.

அந்த வார்த்தையைத் திரும்பப் படித்தேன். சேத்தாச்சு, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. செத்தாச்சு. இரண்டுக்கும் அதே எழுத்துதான். அம்மாவச் சேத்தாச்சு என்றால் ammava என்று இருக்க வேண்டாமா? ஒரு va போட இவளுக்கு என்ன கேடு? பெற்ற தாயைப் போய் யாராவது செத்தாச்சு என்பார்களா, தவறிட்டா என்றுதானே சொல்வார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் என் தங்கை பதறினால் மரியாதை பார்த்துப் பேசுகிறவள் இல்லை. அப்பா போனபோது போனில் என்னிடம், "செத்துட்டார்க்கா" என்றுதான் சொன்னாள். அது ஞாபகம் வந்ததும் அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு பெண் எழுந்து, "பைட்டியே ஆன்டி" என்று இடம் கொடுத்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் நான் அனுப்பியது நினைவுக்கு வந்தது. போ. என் அம்மாவுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அதுவாகவே ஆகிவிட்டதென்றால்? அதுவும் ஒரு ஆட்டின் ஏழுக்காக.

அடுத்த ஸ்டேஷனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. தங்கையை அழைத்தேன். நான் அழைத்தவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று இந்தியில் ஒரு குரல் பொறுமையாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மோதி பாக் வருவதற்கு முன்னால் வண்டி சுரங்கத்தை விட்டு மேலே ஏறும். வெயில் உள்ளே விழுந்ததும் போனைப் பார்த்தேன். என் செய்திக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. யாரோ படித்திருக்கிறார்கள். மறுபடி அழைத்தேன், தங்கை எடுத்தாள்.

"அம்மா இருக்காளாடி?"

"என்னக்கா இப்படிக் கேக்கற? இருக்கா. பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டா. சேத்தாச்சுன்னு போட்டேனே, பாக்கலியா?"

காதில் கேட்டபோது அது நெடில். சே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பார்க்க அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "எப்பவும் அப்படித்தானேக்கா அடிக்கறோம்" என்றாள். அது உண்மைதான்.

"அம்மா போன் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். டாக்டர் நம்பர் தேடினேன். ஏன்?"

ஒன்றுமில்லை என்று வைத்தேன். அப்படியானால் திறந்து பார்த்தது இவளாகத்தான் இருக்கும் என்று நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன். உடனே அந்தச் செய்தியை அழித்தேன். அழித்தாலும், இங்கே ஒரு செய்தி இருந்தது, நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். இந்த போன் கண்டுபிடித்தவனை என்ன சொல்ல?

அன்றைக்கே விமானம் பிடித்துப் போனேன். நாலு நாள் அம்மா பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். அவளும் அந்த வரியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பொய் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

டில்லிக்குத் திரும்பிய பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கியது. இப்போது யாரும் sethachu என்று போடுவதில்லை, மகள் கட்டைவிரல் படம் போடுகிறாள், நாங்களும் அதையே போடுகிறோம். முதல் நாள் அம்மாவின் முறை வந்தது. பச்சை வளையம் சுற்றியது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், எந்த அவசரமும் காட்டவில்லை. போன் சிணுங்கியது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக, அந்த நீக்கப்பட்ட வரிக்கு நேர் கீழே அம்மா அடித்திருந்தாள்: irukken.

படித்தது அவள்தான். இன்றுவரை அவள் ஆட வேண்டிய ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து எனக்கு முதலில் அந்த வார்த்தை வருகிறது. அதற்கப்புறம்தான் சீட்டு விழுகிறது.