மாமா என்னைக் கூப்பிட்ட பெயர்

காலை ஒன்பது பத்துக்கு, இரண்டாம் மணி அடிக்கும் நேரத்தில், என் தாய்மாமா பள்ளிக்கூட கேட்டில் சைக்கிளை நிறுத்திக் கத்தினார்: "ஏ பறச்சி! சோத்த மறந்துட்டு எங்கடி ஓடற?"

எனக்கு வெட்கமே இல்லை. அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். காதுகுத்தில் அவர் மடியில் உட்கார்ந்து நான் வீரிட்டபோதும் அதைச் சொல்லித்தான் கொஞ்சினாராம். தாலுகா ஆபீஸில் ப்யூனாக இருந்த அப்பாவுக்குத்தான் அது பிடிக்காது. "அந்த வார்த்தய உடு மச்சான், படிக்கற புள்ள" என்பார்.

"அவனுங்க சொன்னா வசவு மாமா. நாம சொன்னா நம்ம பேரு. அத நாமளே ஏன் ஒளிச்சு வெக்கணும்?" என்று சிரிப்பார் மாமா.

மதியம் தண்ணீர்ப் பானை அருகே எங்கள் வகுப்பு லீடர், மாமாவைப் போலவே இழுத்துச் சொன்னாள்: "ஏ பறச்சி! டம்ளர கீழ வைடி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸால் அவள் வாயிலேயே அடித்தேன்.

தலைமையாசிரியை டிசி எழுதக் காகிதத்தை எடுத்தேவிட்டார். "உன் மாமனே கேட்டுல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி கூப்புடறான். அவ சொன்னா மட்டும் சுடுதா?" ஏழாவதோடு என் படிப்பு முடியப் பார்த்தது. டம்ளரைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் என் மகள் அதே சொல்லை அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள். "எங்க பேரு, நாங்க சொல்வோம்" என்றாள். மாமாவே பேசியதுபோல் இருந்தது. நான் தடுக்கவில்லை. சாயங்காலம் அவள் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

நான் அவளை அடித்த அன்று, பள்ளியிலிருந்து ஆள் போயும் அப்பாவை ஆபீஸிலிருந்து விடவில்லை. மூன்றரை மணிக்கு மாமாதான் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார்.

"தப்பு என்னுதுதாங்க. புள்ளைய படிக்க உடுங்க. இனிமே என் வாயில அந்தப் பேரு வராது."

காகிதம் மேசைக்குள் போனது. பிழைத்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வைதவள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கொஞ்சியவர் அங்கே கைகட்டி நின்றது அப்போது உறைக்கவில்லை.

மாமா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "வாம்மா, போலாம்" என்றார்.

நான் பெரிய பெண்ணாகிவிட்டேன், அதனால்தான் மரியாதை கொடுக்கிறார் என்று சந்தோஷமாக அவர் பின்னால் நடந்தேன்.