ஒவ்வொரு லீவுக்கும் ஒரு மருந்துப் பாட்டில்

என் கணவர் சவூதியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த இரண்டாம் நாளே கீரமங்கலம் போய்ப் பூச்சிமருந்து வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் அடிப்பார். மிச்சத்தைத் தகரக் கொட்டகையின் பலகைமேல் வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். அடுத்த லீவில் புதிதாக இன்னொன்று. எதையும் முழுசாகத் தீர்க்கிற குணம் அவருக்கு இல்லை. தூக்கி எறிகிற தெம்பு எனக்கு இல்லை. பலகையில் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போயின.

போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த மனிதருக்கு வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கேஸ் புக் பண்ணுவதிலிருந்து வீட்டு வரி கட்டுவதுவரை எல்லாம் நான்தான். கல்லூரி விடுதியில் இருக்கும் மகன் போனில் கூப்பிட்டால், "அம்மாட்ட குடுங்கப்பா" என்பான். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர் என் கணவர் முன்னாலேயே நின்றுகொண்டு, "அக்கா இல்லீங்களா?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கறம்பக்குடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் கிளம்புகிற அவசரத்தில், சொல்லிக் கொடுப்பதைவிட நானே செய்துவிட்டுப் போவது சுலபமாக இருந்தது.

அவருக்கு மிஞ்சியது தோட்டம். அதில் இருபது எலுமிச்சங் கன்றுகள். மழைக்குப் பிறகு துளிர்விட்டதும் புழு வந்தது. இந்தப் புழு சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்கும். வளர்ந்தால் இலையின் பச்சையே அதற்கும் வந்துவிடும். விட்டுவைத்தால் நாலைந்து நாளில் கன்றை மொட்டையடித்துவிடும்.

அவர் உற்சாகமாகக் கொட்டகைக்குப் போய்ப் பாட்டில்களை இறக்கினார். பாதிப் பாட்டில்களில் லேபிளே வெளுத்துப் போயிருந்தது.

"தேதி முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சுங்க" என்றேன்.

"தேதி கம்பெனிக்காரன் போடுறது. அவனுக்குப் புதுசு விக்கணும்ல? இங்கிட்டு வா, காட்டுறேன்."

ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் எடுத்து, ஒரு மூடி மருந்தை ஊற்றினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற சோதனைதான். தண்ணீர் வெள்ளை வெளேரென்று மாறியது. "பாரு, பால் கணக்கா இருக்கு. வீரியம் அப்படியே இருக்கு" என்றார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அடித்தார். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். புழுக்கள் ஒரு குறையுமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. ஒன்றைக் குச்சியால் தொட்டேன். தலையிலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பை நீட்டி, நாற்றத்தை விட்டு, மறுபடி சாப்பாட்டுக்குத் திரும்பியது.

அன்று கறம்பக்குடி உரக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். "தண்ணியில வெள்ளையா கலங்குறது, மருந்தோட சேத்திருக்கிற கலவை எண்ணெயோட வேலைம்மா. அது நல்லாருந்தா வெள்ளையாத்தான் வரும். புழுவைக் கொல்றது வேற சரக்கு. அது கொட்டாய்ச் சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா செத்துப்போயிருக்கும். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. தேதி முடிஞ்சதைத் தொடாதீங்க."

இதை வீட்டில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். அவர் வாசலிலேயே நின்று, "புழு கொறைஞ்ச மாதிரி தெரியுது, பாத்தியா?" என்றார். எனக்கு அலுப்பாக இருந்தது. இதைச் சொல்லி, அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து, பிறகு அதைச் சரிசெய்ய வேறு வழி தேட வேண்டும். பேசாமல் புழுவையே எடுத்துவிடலாம்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக, அவர் எழுந்திருக்குமுன், சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். இலை இலையாகப் புரட்டி எடுத்துப் போட்டேன். கையெல்லாம் முள் கீறல். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் பூனை பிராண்டியது என்றேன். பத்து நாளில் கன்றுகள் தளதளவென்று நின்றன. அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பழைய மருந்தின் பெருமை பேசினார்.

அதைக் கேட்டுவிட்டு என் கொழுந்தனார் வந்தார். அவர் மல்லிகை போட்டிருக்கிறார், குடும்பமே அதை நம்பித்தான் இருக்கிறது. மொக்கில் புழு விழுந்திருந்தது. என் கணவர் இரண்டு பாட்டிலைப் பையில் போட்டுக் கொடுத்ததை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதே ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அலுப்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அது கோழைத்தனம்.

பத்து நாள் கழித்துக் கொழுந்தனார் மறுபடி வந்தார், ஒரு கை நிறைய மொக்கோடு. எல்லாமே ஓட்டை. முகூர்த்த மாதம் வேறு.

"வெள்ளையாத்தாண்ணே வந்துச்சு, நானும் பாத்தேன். ஒரு புழுகூடச் சாகலையே. அடிச்சாச்சுன்னு நம்பி ஒரு வாரம் சும்மா இருந்துட்டேன். நீங்க சொல்லலேன்னா அன்னைக்கே புதுசு வாங்கியிருப்பேன்ல."

"என் கன்னுல கேட்டுச்சேப்பா" என்றார் இவர். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி மொக்குகளை வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

இவர் நேராகத் தோட்டத்துக்குப் போனார். ஒரு புழுவைப் பிடித்து, அதன்மேல் அந்த மருந்தை விட்டுப் பார்க்கப் போகிறாராம். கன்று கன்றாகக் குனிந்து தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை. ஐம்பத்தைந்து வயது மனிதர் வெயிலில் குனிந்து புழுவைத் தேடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தேடாதீங்க. தெனமும் காலையில நான்தான் எடுத்துப் போட்டேன். மருந்து மொத நாள்லயே கேட்கலைங்க."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"இன்னும் எதுலயெல்லாம் இப்படிச் செஞ்சிருக்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இருபத்திரண்டு வருடமாகப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. இங்க எல்லாம் நல்லாருக்கு, ஒன்னுமில்ல, நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு அந்தப் பதில் எனக்கு வரவில்லை.

"நீங்க மூணாவது லீவு முடிஞ்சு போனப்புறம் நான் உண்டாயிருந்தேன். மூணாம் மாசம் கலைஞ்சிருச்சு. அங்கன தனியா கெடந்து வருத்தப்படுவீங்களேன்னு சொல்லலை."

அவர் கன்றின் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு ஒங்கூட யாரு இருந்தா?"

"யாருமில்லைங்க" என்றேன். "புள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, நானே பஸ்ல போயிட்டு வந்தேன்."